மிச்சம் ஏழு பேர்

“ஆடுறது அஞ்சு பேர்னா, மிச்சம் ஏழு பேர் எதுக்கும்மா?” என்று கேட்டார் பஸ் முதலாளி.

பயிற்சியாளர் அம்மா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“என் பஸ்ஸை ஒரு டிரைவர்தான் ஓட்டுறாரு. வழியில அவருக்குக் கை வலிச்சா என்ன பண்றதுன்னு, பின்சீட்ல ஏழு டிரைவரை உட்கார வச்சா கூட்டிட்டுப் போறேன்?”

கூடைப்பந்து அணியை அவர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவும் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் வாங்கியது. அந்த அம்மாளுக்கு இந்த அணி என்றால் உயிர். அவருக்கோ பந்து என்றால் காலால் உதைப்பது என்ற அளவில்தான் பழக்கம். ஆனால் ஆள் குறைப்பதில் மனிதர் புலி. எந்தத் தொழிலை வாங்கினாலும், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். இங்கேயோ சும்மா உட்காருவதற்கென்றே ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவங்க மாற்று ஆட்டக்காரங்க சார். முதல் அஞ்சு பேர் களைச்சுப் போனா, அடிபட்டா, இவங்கதான் தாங்கணும். பெஞ்சோட ஆழத்தைப் பார்த்துத்தான் ஒரு டீமையே எடை போடணும்.”

“ஆழம் பார்க்க இது என்ன கிணறா? ஏழு பேரையும் நாளைக்கே அனுப்பிடுங்க.”

பக்கத்தில் உடைமாற்றும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பும் கும்மாளமும் சட்டென்று அடங்கின.

பயிற்சியாளர் ஒரு நிமிடம் அந்தக் கதவையே பார்த்தார்.

“இன்னிக்கு சாயங்காலம் சீசனோட முதல் மேட்ச் சார். போன வருஷம் கோப்பை வாங்கினவங்களோட மோதறோம். எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பாருங்க. யார் வேணும், யார் வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. தோத்தா, அந்த ஏழு பேரோட நானும் மூட்டை கட்டிடறேன்.”

“பேச்சு மாறக்கூடாது,” என்றார் முதலாளி.

சாயங்காலம் அரங்கத்தில் எள் போட இடமில்லை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய அணியில் ஒரு குள்ளன் இருந்தான். எதிரணி நெடுமரங்களின் கைகளுக்கு நடுவே புகுந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒரு தாடிக்காரன் மூலையில் நின்று வீசியதெல்லாம் வளையத்துக்குள் போய் விழுந்தது. யாருக்காவது மூச்சு வாங்கினால் பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்து, இன்னொருவனை உள்ளே அனுப்பினார்.

“சரிம்மா, ஒத்துக்கறேன். இந்த ஓட்டத்துக்கு அஞ்சு பேர் பத்தாது. மாத்தி மாத்தி ஆடுறாங்களே, இந்த ஏழு பேரும் வேணும்,” என்றார் இடைவேளையில். “ஆனா, அந்தக் கோடியில அஞ்சு பேர் பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்காங்களே, அவங்க எதுக்கு? அந்த ஒட்டடைக்குச்சியைப் பாருங்க. துண்டை ஆட்டுறதைத் தவிர ஒண்ணும் தெரியல. அந்த அஞ்சு பேரையும் அனுப்பிடலாம்.”

பயிற்சியாளர் திரும்பவில்லை. முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதற்றமாக்கும் என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

கடைசி நிமிடங்களில் எதிரணி விட்டதையெல்லாம் பிடித்தது. இரண்டு பக்கமும் சமம். தாடிக்காரன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினான். பயிற்சியாளரின் பார்வை கோடிக்குப் போக, ஒட்டடைக்குச்சி எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான்.

முதலாளி பாய்ந்து முன்னால் குனிந்தார்.

“வேண்டாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆடினவங்களே ஆடட்டும். இவனை இறக்கிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க.”

“நீங்க சொன்னா சரி சார்.”

ஒட்டடைக்குச்சி மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தான். தாடிக்காரன் நொண்டிக்கொண்டே பந்தை வாங்கிக் குள்ளனிடம் தள்ளினான். குள்ளன் எகிறி வீசினான். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

முதலாளி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்ததைக்கூட அவர் துடைக்கவில்லை. பஸ் வாங்கிய நாளில்கூட இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை அவருக்கு.

“அந்த ஏழு பேரும் தங்கம்தாம்மா. இனிமே அவங்கமேல கை வைக்க யாரையும் விடமாட்டேன். அந்த அஞ்சு பேரை மட்டும் நாளைக்கே...”

அவர் முடிப்பதற்குள் மனைவி அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஜெயித்தவர்களையெல்லாம் தாண்டிப் போய், ஒட்டடைக்குச்சியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

“அவனோட எதுக்கு இவளுக்குப் படம்?”

“அவர்தான் சார் நம்ம கேப்டன். அந்த அஞ்சு பேர்தான் நம்ம முதல் அஞ்சு,” என்றார் பயிற்சியாளர். “காலைல நீங்க பேசினது உள்ளே கேட்டுடுச்சு. ‘இன்னிக்கு நாங்க உட்கார்றோம், அந்த ஏழு பேர் ஆடட்டும்’னு அவங்களேதான் சொன்னாங்க. நீங்க அனுப்பச் சொன்ன ஏழு பேரும் அதோ வர்றாங்க பாருங்க, உங்களைத் தோள்ல தூக்கணுமாம்.”