பன்னிரண்டடி வீடு

"தோத்தா தோத்துட்டோம்னு கௌரவமா வீட்ல இருக்க வேண்டியதுதானே! ஒரு ஏழையோட குடிசைய அளக்க, தானே கயிறத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு பாரு, கர்னலு!"

வேலிக்கு அப்பால் நின்ற கூட்டம், கர்னல் யான்சியின் காதில் விழாதபடி முணுமுணுத்தது.

அமெரிக்காவில், அந்நாளைய வர்ஜீனியா சட்டமன்றத் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றிருந்தார் யான்சி. பீப்பாய் செய்யும் ஒபதியாவின் ஓட்டு செல்லாது என்று அவருடைய ஆதரவாளர்கள் மனுக் கொடுத்திருந்தனர். இருபத்தைந்து ஏக்கர் நிலமும், அதில் நீளம் அகலம் இரண்டிலும் பன்னிரண்டடி உள்ள வீடும் வைத்திருப்பவனுக்கே ஓட்டு என்பது சட்டம்.

ஒபதியாவின் ஓட்டு கழிந்தால் யான்சியும் வென்றவரும் சமம். சமமானால் தீர்ப்பு ஷெரிப்பின் கையில். ஷெரிப் நெவிலோ, யான்சியின் மைத்துனர்!

"எதால அளந்து கட்டின, ஒபதியா?" என்றார் ஷெரிப்.

"என் பாதத்தால, ஐயா. பன்னிரண்டு அடி எண்ணித்தான் வச்சேன்."

"உன் பாதத்துக்குப் பாப்பா செருப்பே லூசா இருக்குமேப்பா!"

கூட்டம் சிரித்தது. ஒபதியாவின் காதுகள் சிவந்தன.

"சிரிக்காதீங்க. வருஷம் பூரா நான் வெறும் பீப்பாய்க்காரன். ஓட்டுப் போடற அன்னிக்குத்தான் நானும் ஒரு ஆளு. அதையும் பிடுங்கிட்டா எப்படி?"

பீப்பாய் அடுக்க நீளத்தில் இரண்டடி கூட்டிக் கட்டியிருந்ததால் அது தேறிவிட்டது. அகலமே பாக்கி.

"அந்தக் கோடிய நான் பிடிக்கிறேன்" என்றார் யான்சி.

"தோத்தவரே பிடிச்சா, இருபதடிகூடப் பத்தடியாத்தான் வரும்" என்றது ஒரு குரல்.

ஷெரிப் வாசல் சுவரில் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அடிக்கொரு முடிச்சிட்ட அந்தக் கயிற்றுடன் யான்சி உள்ளே சென்று, அடுப்புச் சுவரோரத்து இருட்டில் குனிந்தார்.

ஒபதியா கண்களை மூடிக்கொண்டான்.

"பன்னிரண்டு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சரியா இருக்கு. மனுவக் கிழிச்சுப் போடுங்க."

வெளியே வந்தவரை ஒபதியா தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

"ரொம்ப நன்றிங்க, கர்னல். ஆனா இப்பவே சொல்லிடறேன். அடுத்த தடவையும் என் ஓட்டு உங்களுக்கு இல்ல."

"தெரியும்" என்று குதிரையேறினார் யான்சி.

வழியில், சேணத்தின் மேல் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்த ஷெரிப் திடுக்கிட்டார்.

"அத்தான்! அடுப்புச் சுவர்க் கரி பதினோராவது முடிச்சுலதானே ஒட்டியிருக்கு!"

"மெதுவாப் பேசு, மாப்ளே."

"கைக்கு வந்த பதவிய விட்டுட்டீங்களே! அதுவும் உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டவனுக்காக!"

யான்சி நிறைந்த மனத்தோடு சிரித்தார்.

"அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல ஒவ்வொருத்தனையாக் கூப்பிட்டு, 'யாருக்கு உன் ஓட்டு? சத்தமாச் சொல்லு'ன்னு நீ கேட்டப்போ, நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஓடைக்கு இந்தப்புறத்துல மத்த அறுபது பேரும் என் பேரத்தான் சொன்னாங்க. நாளைக்கு மாவு அரைக்க என் ஆலைக்குத்தானே வரணும்! இந்தப் பக்கத்துல என் மூஞ்சியப் பாத்து 'நீங்க வேண்டாம்'னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான்."

"அதுக்காக?"

"அந்த அறுபதுல எது நெசமான ஓட்டுன்னு எனக்குத் தெரியாது, மாப்ளே. இவனோடது நெசம்னு தெரியும். அதப் போய் எப்படிச் செல்லாதுன்னு சொல்றது?"