ஒரு சுளை கம்மி

தட்டில் இருந்த பலாச்சுளைகளில் ஒன்றை எடுத்து மறுபடியும் டப்பாவுக்குள் போட்டான் ரஞ்சித்குமார். சின்னத் தராசின் முள் நூறு கிராமுக்கு இறங்கி நின்றது.

"இப்ப சரியா இருக்கு. சாப்பிடு" என்று மனைவி வெற்றிச்செல்வியின் பக்கம் தட்டை நகர்த்தினான்.

எதிரே உட்கார்ந்திருந்த உண்ணாமலைக்கு வயிறு எரிந்தது. வெற்றிச்செல்வி அவள் பெற்ற ஒரே மகள். ஆண்டிமடத்துக் கொல்லையில் காய்த்த பலாப்பழங்களைப் போன மாதம் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்து கொடுத்தவள் உண்ணாமலைதான். அதைச் சுளை எடுத்து ஃப்ரீசரில் போட்டு வைத்துக்கொண்டு, அவள் மகளுக்கே கிராம் கணக்கில் அளந்து போடுகிறான் மருமகன்.

"கல்லாட்டம் இருக்கே மாப்ள, கொஞ்சம் உருகட்டுமே. தண்ணி வடிஞ்சா எடை கொறயும். இன்னும் ரெண்டு சுளை வெக்கலாம்ல?"

"அப்படி நிறுத்தா கணக்கு தப்பிடும் அத்தை. உருகுற தண்ணியில பழத்தோட இனிப்பும் சேந்து போயிடும். கெட்டியா இருக்கும்போதே, மேல ஒட்டியிருக்க ஐஸைத் தட்டி உட்டுட்டு நிறுக்கணும். அப்பத்தான் கலோரி சரியா வரும்."

கலோரியாவது கத்திரிக்காயாவது! வாய் வரைக்கும் வந்ததை உண்ணாமலை விழுங்கிக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்த இடம். என்ன பேச முடியும்?

ரஞ்சித்குமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். சரக்கு எடுக்க என்று வாரத்தில் இரண்டு நாள் திருச்சிக்குப் போய்விடுகிறானாம். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. மனசு கேட்காமல் உண்ணாமலை ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாங்க அத்தை" என்றவன், ஃப்ரீசரைத் திறந்து ஒரேயொரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவள் கொண்டுவந்த பழத்தில் ஒரு சுளையைக்கூட அவன் தொட்டிருக்கவில்லை. மாமியார் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பது கூடவா கௌரவக் குறைச்சல் என்று உண்ணாமலைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

தெருமுனையில் அவன் மறைகிறவரை வெற்றிச்செல்வி வாசலிலேயே நின்றாள். திரும்பி உள்ளே வந்தபோதுதான் உண்ணாமலை மகளைச் சரியாகப் பார்த்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் யாரோ, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்போது ரஞ்சித்குமார், "எனக்குப் புடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அந்த மனசு இப்போது எங்கே போயிற்று?

"அவருதான் போயிட்டாருல்ல. வா, வயிறாரச் சாப்பிடு" என்று சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள் தாய். மகள் பாதியை எடுத்து வேறு தட்டில் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள்.

மத்தியானம் வெற்றிச்செல்வியே தராசை எடுத்து வைத்தாள். பஞ்சு போல ஐஸ் அப்பியிருந்த சுளைகளை அப்படியே அள்ளித் தட்டில் போட்டு முள்ளைப் பார்த்தாள்.

"ஐஸைத் தட்டலியா? மாப்ள தட்டிட்டுல்ல நிறுக்கச் சொன்னாரு?"

"இருக்கட்டும்மா. ஐஸும் எடையில சேந்துக்கும். பழம் ஒரு சுளை கம்மியாப் போவும்."

உண்ணாமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அளந்து போடுவதே அரை வயிற்றுக்கு. அவன் இல்லாத நேரத்தில் இவள் அதிலும் குறைத்துக்கொள்கிறாள் என்றால், எந்த அளவுக்கு மிரட்டி வைத்திருப்பான்!

"துணிமணிய எடுத்து வைடி. இப்பவே ஊருக்குப் போவலாம். எடை போட்டுப் பழம் குடுக்குற வூட்ல எம்பொண்ணு இருக்க வேணாம். ஒல்லியா ஒருத்தி வேணும்னா அவன் கட்டிக்கிட்டுப் போவட்டும்!"

"அவரை ஒண்ணும் சொல்லாதம்மா."

"சொல்லாம? ஒங்கப்பா இருந்திருந்தா நாலு பேரக் கூட்டியாந்து நியாயம் கேட்டிருப்பாரு. நான் ஒத்தப் பொம்பள, யாருகிட்டடி போயி நிப்பேன்?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு எதிரே பிள்ளை காய்ந்துபோகிறது. அடிக்கவும் முடியவில்லை, அழைத்துக்கொண்டு போகவும் முடியவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெற்றிச்செல்வி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாயின் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"ஒனக்குத் தெரிஞ்சா என்னை உடமாட்டேன்னுதாம்மா மறைச்சோம். அவரு நல்லாச் சாப்பிடுன்னுதான் சொல்றாரு. திருச்சியில டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒரு கிராம் கொறஞ்சாலும் சண்டைக்கு வர்றாரு. எனக்குத்தான் பொறுக்கல."

"என்னடி பொறுக்கல?"

"நான் எளச்சாத்தாம்மா என் கிட்னிய எடுத்து அவருக்கு வெப்பாங்களாம்."