பளபளப்பான இடம்

இரும்பு கேட் செய்யும் பட்டறையில் உழைத்துக் களைத்த வெல்டிங் மெஷின் ஒன்றைச் சூசைராஜ் வாங்கி வந்தார். பழைய காரைத் தன் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. மெஷினைக் கார் கதவருகே வைத்து, மின்சாரம் திரும்பிவர உதவும் எர்த் கவ்வியைக் கதவில் மாட்டி, விசையை அழுத்தினார். கம்பி வெளியே வந்தது, பொறி வரவில்லை.

"டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். இல்லேன்னா பழைய இரும்புக் கடைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துருப்பிடித்து ஓட்டை விழுந்த கார் கதவு சிரித்தது. "என்ன அண்ணாச்சி, வீரமெல்லாம் அந்த இரும்பு கேட்டுங்ககிட்ட மட்டும்தானா?"

மெஷினுக்கு மானம் போயிற்று. தன் எர்த் கவ்வியிடம் மெல்லக் கேட்டது. "தம்பி, நீ எதைப் பிடிச்சிருக்கே?"

"கதவைத்தான் அண்ணே! பல்லு வலிக்கப் பிடிச்சிருக்கேன். அதுவும் நல்ல பளபளப்பான இடமாப் பார்த்து."

"அது பெயிண்டுடா! அதுல எப்படிடா கரண்டு போகும்? இரும்பைப் பிடி."

கவ்வி முனகிக்கொண்டே பெயிண்டைப் பல்லால் சுரண்டியது.

"ஐயோ, கூசுதுடா!" என்று கதவு நெளிந்தது.

சூசைராஜ் வந்து விசையை அழுத்தினார். எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். ஓட்டை மூடிக்கொண்டது. அவர் விசிலடித்தபடி தேநீர் டம்ளரைக் கழுவப் போனார்.

கதவு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அண்ணாச்சி, கைப்பிடிக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில, இன்னொரு ஓட்டை இருக்கு. இதுவரை யாருகிட்டயும் சொன்னதில்லே."

கவ்வி அதற்குள் அந்தப் பெயிண்டையும் சுரண்ட வாயைத் திறந்துவிட்டது.