கணியம்பாடி மூக்கு

"வாயைத் தொற. இன்னும் நல்லா தொற."

வேலு சொன்னதும் வரிசையின் முதல் ஆள் அண்ணாந்து வாயைத் திறந்தான். சாலையில் போன வண்டிக்காரர்கள், ஆம்பூர் தோல் கிடங்குக்கு ஏதோ நோய் விசாரிக்க ஆஸ்பத்திரி ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து மாட்டை விரட்டினார்கள்.

வேலு நாக்கைப் பார்க்கவில்லை. மூக்கை அருகில் கொண்டுபோய் ஒரு முறை காற்றை இழுத்தான். "கருவாடு. நேத்து சாப்பிட்டது," என்றான்.

முதலாளி வாஹித் பாஷா திருப்தியாகத் தலையாட்டினார். "பாத்தியா மேஸ்திரி? இது மூக்கு. நம்மளுது எல்லாம் மொகத்துல சும்மா ஒட்டி வச்சது."

அதில் பொய் இல்லை. பச்சைத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் அந்தக் கிடங்கில் எல்லோருடைய மூக்கையும் எப்போதோ மரத்துப்போக வைத்துவிட்டன. பக்கத்தில் நின்று ஒருவன் கஞ்சா பிடித்தாலும் இன்னொருவனுக்குத் தெரியாது.

அதனால்தான் முதலாளி, தோல் நாற்றமே அறியாத வேலுவைக் கணியம்பாடியிலிருந்து வரவழைத்திருந்தார். மலையடிவாரத்தில் கஞ்சா பிடிக்கும் பண்டாரங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கஞ்சா வாசனை அவனுக்குத் தப்பாது. பிடித்துக் கொடுத்தால் வாசல் காவல் வேலை அவனுக்கு. பிடிபடுகிறவனுக்கு இன்றோடு வேலை இல்லை.

வரிசையின் கடைசியில் நின்ற துரைசாமி கிராம்பை மென்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். காலையில் தொட்டியில் இறங்குவதற்கு முன் கஞ்சா இழுத்திருந்தான். இங்கே துரத்தப்பட்டவனை ஊரில் வேறு எந்தக் கிடங்கும் சேர்க்காது. வீட்டில் மனைவி செண்பகம் நிறைமாதமாக இருந்தாள்.

மேஸ்திரி ராமமூர்த்திக்கு இதெல்லாம் தெரியும். முதலாளியைப் பேச்சில் இழுத்துப் பார்த்தார். "மொதலாளி, சர்க்காரே கடை போட்டு விக்கிற சரக்கு. வாங்கினவனுக்கு மட்டும் தண்டனையா?"

"அந்தக் கடைய மூடலாமா வேணாமான்னுதான் வெள்ளக்கார தொரைங்க ஊர் ஊரா விசாரிக்கிறாங்களே. என்னைக் கேட்டா நாளைக்கே மூடச் சொல்வேன்."

"மூடினா மலையிலேர்ந்து திருட்டுச் சரக்கு எறங்கும். அதுல இன்னா கலந்திருக்கோ, யாரு கண்டா."

"அதுக்காக வித்துக்கிட்டே இருக்கணுமா? கஞ்சா நஷாவுல சவ்வு சீவுனா கத்தி தோலுக்குள்ள எறங்குது. ஓட்டை விழுந்த தோல லண்டன்காரன் வாங்கி இன்னா பண்ணுவான், ஜல்லடையா?"

வேலு அடுத்தவனிடம் போனான். முதலாளியும் கூடவே நகர்ந்தார்.

"வெங்காயம்," என்றான் வேலு. அதற்கடுத்தவனிடம், "சுருட்டு." பிறகு நெற்றியைச் சுருக்கினான். "அந்த வாசனை இருக்குது மொதலாளி. யாருதுன்னுதான் தெரியல."

"இருக்கும், இருக்கும். அவசரம் இல்ல, மெதுவா பாரு."

மேஸ்திரி விடவில்லை. "தொட்டியில எறங்குறவன் நாள் பூரா சுண்ணாம்புத் தண்ணியில நிக்கிறான். கை வெடிச்சு ரத்தம் கசியுது. வலிக்குக் குடிக்கிறவனும் ஜாலிக்குக் குடிக்கிறவனும் ஒண்ணா மொதலாளி?"

"வலின்னு ஆரம்பிச்சவன் எவனாவது வலி போனதும் விட்டிருக்கானா, சொல்லு. எனக்கும்தான் முழங்கால்ல உயிர் போற வலி. நான் கஞ்சாவா குடிச்சேன்? ஹகீம் குடுத்த லேகியத்த ஒரு உருண்டை வாயில அடக்கிக்கிட்டேன். வலி போய் மாசக்கணக்காச்சு." முதலாளி தன் கன்னத்தைத் தட்டிக்காட்டினார். "இன்னும் சாப்பிடுறேன், ருசிக்கு. மருந்துன்னா அது மருந்து."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு எதற்குச் சிரித்தோம் என்று யோசிக்கிறவரைப்போல நின்றார்.

அதற்குள் வேலு துரைசாமியைத் தவிர எல்லோரையும் முகர்ந்து முடித்திருந்தான். "ஒருத்தர்கிட்டயும் இல்ல," என்று முனகினான். "ஆனா எங்க போனாலும் கூடவே வருது."

"அப்போ இவன்தான்." முதலாளி துரைசாமியின் தோளைப் பற்றிக்கொண்டார். "தொற வாய."

துரைசாமி மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி தரையைப் பார்த்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், துரைசாமி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

வேலு முகர்ந்தான். மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் முகர்ந்தான். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. இருவருக்கும் நடுவில் முகத்தை நீட்டினார்.

"இன்னாப்பா பேஜார் பண்ற? இவன்தானே? சொல்லித் தொலை."

வேலு ஓரடி பின்வாங்கினான். வேலை கொடுக்கப்போகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முடிந்தவரை மரியாதையாகவே சொன்னான்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மொதலாளி. உங்க வாயிலேர்ந்து அடிக்கிற கஞ்சாவுல இவருது ஒண்ணும் தெரியல."