இரண்டாவது சுற்று

படகு தண்ணீருக்குள் இறங்கியது. நாலைந்து குமிழிகள் மேலே வந்து உடைந்தன.

சொர்ணலதா கொக்கி கட்டிய மூங்கில் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். குட்டையின் எதிர்க்கரையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அவள் கணவர் பேச்சிமுத்து.

"சொர்ணம், ரெண்டு சுத்து நான் ஓட்டுவேன். மூணாவதுல கைய எடுப்பேன். எடுக்கையில சத்தமாச் சொல்லுறேன். நீ அங்கன நின்னு இருபது எண்ணு" என்று சொல்லி அவளை இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்.

இருபது எண்ணி முடிக்கையில் மிதவை மேலே வரவேண்டும். இரண்டு மாத வேலை அதற்காகத்தான்.

அவர் அல்லிநகரத்தில் மோட்டார் கடை வைத்திருப்பவர். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நழுவி விழுந்த மோட்டார்களை முப்பது வருடமாகத் தூக்கிக் கொடுத்தவர். மிஞ்சிய பைப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கியைச் செய்தபோது கடைத்தெருவே சிரித்தது. அது வயிற்றில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அடியில் இறங்கும். ரிமோட்டின் விசையைத் தள்ளிப் பிடித்திருக்கும் வரைக்கும் ஓடும். விரலை எடுத்தால் விசை தானாக நடுவுக்கு வந்துவிடும், படகு நின்றுவிடும்.

ஆடி மாதம் இதே குட்டையில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் மடங்கிவிட்டது. மேலே வரச் சொல்லும் பொத்தானை அந்த விரலால் அழுத்த முடியவில்லை. பேட்டரி தீரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் சுருளி திராட்சைக்குத் தண்ணீர் பாய்ச்சி, குட்டை வற்றிய நாலாம் நாள்தான் படகு கிடைத்தது.

சுருளியிடம், சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவைத்தார்.

சொர்ணலதாவுக்குத் தெரியும். இடது கை அதற்கு முன்பே அசைவற்றுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கட்டைவிரல். அது எத்தனை நாளைக்கு என்று மதுரை டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"இனிமே வெரல் நின்னாலும் படகு நமக்குக் கெடைக்கணும்" என்று அவர் மிதவை வேலையைத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஆரஞ்சுப் பெயின்ட் அடித்தாள். தையல் மெஷின் பாபினில் தூண்டில் நரம்பைச் சுற்றினாள். மிதவையைப் படகோடு பிடித்துவைக்க, மோட்டாருக்குச் சுற்றும் தாமிரக் கம்பியில் ஒரு சின்ன காந்தம் செய்தாள். விசை இருபது நொடி நடுவிலேயே நின்றால் காந்தத்துக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். காந்தம் பிடியை விடும். மிதவை நரம்போடு மேலே வரும். நரம்பை இழுத்தால் படகு.

கம்பி முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் அவளுக்கு வரவில்லை. முதல் வாரம் முழுக்க உருண்டை உருண்டையாக விழுந்தது.

"இது ஈயமா, எலிப் புழுக்கையா?" என்று கேட்டார்.

ஆறு முறை பிரித்தார்கள். ஏழாவது முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "நான் வச்சேன்னு சொன்னா நம்புவாக" என்றார்.

அன்றைக்கு அவள் அடுப்படியில் போய்ச் சும்மா நின்றாள். இந்த வயதில் ஒரு வேலை கைக்கு வந்துவிட்ட சந்தோஷம். அவர் கை போகாமல் இருந்திருந்தால் இது தன் கைக்கு வந்திருக்காது என்று தோன்றியதும், அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதல் சுற்று முடிந்தது. படகின் நிழல் கரையோரமாக வளைந்து போனது.

"அண்ணே, அடுத்த வாட்டி நானும் ஏறிக்கிறேன். கடன்காரன் கண்ணுல படாம தண்ணிக்குள்ளயே மாமியா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சுருளி பந்தலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். பேச்சிமுத்து சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

இரண்டாவது சுற்றில் மேகம் வந்து தண்ணீர் கறுத்துவிட்டது. நிழல் எங்கே என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் நின்ற கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஆரஞ்சு நிறம் எழுந்தது.

கம்பை நீட்டி நரம்பைக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். கனம் கையில் ஏறியது. படகு முழுசாக வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேலை நனைய நனைய, கரையைச் சுற்றி ஓடினாள்.

"வந்துருச்சுங்க. சொல்லுறேன்னுட்டுச் சொல்லாமலே கைய எடுத்துட்டீகளே, என்னைய எண்ணக்கூட விடல."

அவர் படகைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் கைய எடுக்கலயே, சொர்ணம்."

கட்டைவிரல் விசையின் மேல்தான் கிடந்தது. விசை நடுவில் நேராக நின்றது.

அவள் படகைத் திருப்பி, அடியில் தான் வைத்த ஈயத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். மினுங்கிக்கொண்டிருந்தது. மயிரிழைகூட அசையவில்லை.

அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"ஈயம் விட்டுப்போச்சுங்க" என்றாள். "நான்தான் சரியா வைக்கல. கம்பி ஆடுது. அதான் கரண்டு போயி மேல வந்துருச்சு."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த கையைப் பார்த்தார்.

"புதுக் கைதான" என்றார். "போகப் போகச் சரியாயிரும்."

காட்டச் சொல்லவில்லை.