ஏழாம் நம்பர் ரூம் குதிரைகள்

“செருப்பைக் கீழ போடுங்கண்ணே! அது தப்பிச்சிருச்சுல்ல, பொழச்சுப் போகட்டும்.”

1994 மார்ச், துபாய் ஜெபல் அலி. தொழிலாளர் கேம்ப்பின் ஏழாம் நம்பர் ரூமும் எட்டாம் நம்பர் ரூமும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கரப்பான்பூச்சிப் பந்தயம் விடும். தோற்ற ரூம் இரண்டு ரூமுக்கும் பிரியாணி ஆக்க வேண்டும். ஏழாம் நம்பர் ஜெயித்ததே இல்லை. அந்த ரூமில் மாதாமாதம் வெங்காயம் உரிக்கும் கார்மேகத்துக்குக் கனவில் வெங்காயம் வந்தாலும் கண் எரிந்தது.

“அடிக்கச் சொன்னதே நீதானடா!” என்றார் கார்மேகம், ஓங்கிய செருப்போடு.

“மந்தமா ஓடறது அடிபடும். வேகமா ஓடறது தப்பிச்சுப் பெருகும். குஞ்சுக்கும் அந்த வேகம் வரும். ஒரு வருஷம் இப்படியே துரத்துங்க, நம்ம ரூம்ல மிஞ்சறது அத்தனையும் குதிரை” என்றான் அன்பரசன். ஊரில் விலங்கியல் படித்துவிட்டு, இங்கே குடோனில் மூட்டை அடுக்குகிறவன்.

“அதுவரைக்கும் பந்தயம்?”

“மாஃபி, கிடையாது. அடுத்த மார்ச்சுல ஒரே பந்தயம். தோத்தவங்க வருஷம் பூரா பிரியாணி.”

எட்டாம் நம்பர் நூஹு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பு வேட்டைதான். கோடை கழிவதற்குள், ஓங்கிய செருப்பு இறங்கும் முன்பே பூச்சி கட்டிலுக்கடியில் போய்விட்டிருந்தது.

“பறக்குதுடா!” என்று கார்மேகம் பூரித்துப்போனார்.

“என்னண்ணே, தினம் ரூம்ல சண்டையா?” என்று நூஹு எட்டிப் பார்த்தான்.

“சண்டையில்ல தம்பி, ட்ரெயினிங்! நீ வெங்காயம் உரிச்சுப் பழகிக்க.”

நூஹுவோ தன் கரப்பானைப் பால் பவுடர் டின்னில் வைத்து, பேரீச்சம்பழம் கொடுத்து வளர்த்தான். அது கொழுத்துப்போயிருந்தது. டின் மூடியில் மாட்டி ஒரு காலும் போய்விட்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலேயே கார்மேகம் ஜெயித்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பந்தய நாள். வராந்தாவில் அட்டைப் பாதை தயார். நூஹு டின்னோடு காத்திருந்தான்.

“யல்லா, சீக்கிரம்! எங்கண்ணே உங்க குதிரை?”

ஏழாம் நம்பருக்குள் கட்டில்கள் இழுபட்டன. பக்கெட் கவிழ்ந்தது. “அந்தப் பக்கம்... விடாதே... போச்சு!” என்று கூச்சல். கடைசியில் வியர்த்து வழிந்தபடி கார்மேகம் வெளியே வந்தார். கையில் காலி ஜாம் பாட்டில்.

“உள்ளதான் இருக்கு தம்பி, நூறு குதிரை. ஒண்ணுகூடக் கையில சிக்க மாட்டேங்குது!”

ஐந்து கால் கரப்பான் தனியாக நடந்து, வழியில் இரண்டு இடத்தில் இளைப்பாறி, எல்லைக் கோட்டைத் தொட்டது. கார்மேகம் வெங்காய மூட்டையைப் பிரித்தார்.