டங்கு டங்கு

சிகாகோவில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஜெனோனுக்கு ஒரே எதிரி, வீட்டைச் சூடாக்கும் நீராவிக் குழாய்தான்.

"சாயங்காலமானா டங்கு டங்குன்னு ஆரம்பிச்சிடுது. இந்த இரைச்சல்ல மனுஷன் அக்கார்டியன் வாசிக்க முடியுமா?"

"குழாய்ல தண்ணி தேங்கியிருக்கும்," என்றாள் மனைவி டனுட்டா, மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து. "பாய்லரைப் பாருன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!"

குளிருக்கு அசையாத ஜெனோன் சங்கீதத்துக்காக அசைந்தான். தேங்கிய தண்ணீர் வடியும்படி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சாய்த்து வைத்தான். அடைத்துக் கிடந்த காற்று வால்வுகளை மாற்றினான். நிலவறையில் புழுதியில் புரண்டு, குழாய்களுக்கெல்லாம் உறை சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கதகதவென்றிருந்தது. டனுட்டா ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்தாள்.

"இப்ப ஒரு சத்தம் இருக்கா பாரு!" என்று ஜெனோன் அக்கார்டியனைத் தோளில் மாட்டினான். பாதிப் பாட்டுகூட ஆகவில்லை.

டங்கு! டங்கு! டங்கு!

பாய்லரைப் பார்க்கக் கீழே ஓடினான். வழியில் கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே, புதிதாகக் குடிவந்த கஸிமிர் ஸ்பானரும் கையுமாகக் குழாயருகே நின்றிருந்தார்.

"அப்பாடா, வாசிக்கிறத நிறுத்திட்டீங்களா?" என்றார்.

ஜெனோன் வந்த வேகத்தில் மாடியேறினான்.

"அடிக்கிறது குழாய் இல்ல, அந்த ஆளு! உனக்குத் தெரியுமா?"

"அவர் குடிவந்த வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

டனுட்டா கடைசி ஸ்வெட்டரை அலமாரியில் வைத்து மூடினாள்.

"சொல்லியிருந்தா அவரோட சண்டைக்குப் போயிருப்ப. பாய்லர் பக்கம் போயிருப்பியா?"